இருபதடி தூரத்திலிருந்து, பெயர் சொல்லி

ஆமா சிஸ்டர், நாய்ச் செயின்தான். உங்க சேலையில உரசுதா? இருங்க, இந்தப் பக்கம் சுருட்டி வச்சுக்கறேன். நாய் எங்கேன்னுதானே பாக்கறீங்க? நாய் மருதங்கிணத்துல இருக்கு. திருடிட்டுப் போயிட்டாங்க. எங்க யுனிவர்சிட்டிப் பதிவேட்டுல என் பேர்ல ஏறின நாயை ஷேர் ஆட்டோவில மடியில வச்சு, முந்தானையைப் போத்திக் கடத்திட்டுப் போயிருக்காங்க. யாரு? எங்க ஹாஸ்டல் மெஸ்ஸுல பாத்திரம் தேய்க்கிற அக்கா. சந்தனமாரின்னு பேரு. நேத்துக் காலையில நடந்தது இது. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த நாய் நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னாடி நிக்கணும். நான் கூப்பிட்டா திரும்பிப் பாத்து என்கிட்ட வரணும். வரலைன்னா மாநகராட்சி வண்டியில ஏத்திடுவாங்க. ஏறிப்போன நாய் ஒண்ணு திரும்பி வந்ததா இதுவரைக்கும் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

நீங்க மருதங்கிணத்துக்கு அடுத்த ஊர்ல நர்ஸா? நல்லதாப் போச்சு. முக்கால் மணி நேரம் ஆகும்ல? முழுசாச் சொல்லிடறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. என் பக்கம் தப்புன்னா தப்புன்னே சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா தப்பு இருக்காது.

ஜூன் மாசம் தாவரவியல் படிக்கிற ஒரு பொண்ணு லைப்ரரி இறக்கத்துல சைக்கிளோட விழுந்துட்டா. நாய் துரத்துச்சுன்னு சொன்னா. நான் அங்கேயேதான் நின்னேன். துரத்தவே இல்ல, கூட ஓடுச்சு. பின்னாடி வந்தா துரத்தறது, பக்கத்துல வந்தா கூட ஓடறது. ரெண்டும் ஒண்ணா? இதைச் சொன்னதுக்கு அந்தப் பொண்ணு, முட்டியில ரத்தத்தோட, "உனக்கு மனுஷங்களே பிடிக்காதா?"ன்னு கேட்டா. போகட்டும். மறுநாளே சுற்றறிக்கை ஒட்டிட்டாங்க. வளாகத்தில் திரியும் நாய்கள் அனைத்தும் மாநகராட்சி வசம் ஒப்படைக்கப்படும். கீழே எஸ்டேட் ஆபீஸர் ஞானதுரை கையெழுத்து. நான் எம்.ஏ. சமூகவியல் ரெண்டாம் வருஷம் சிஸ்டர். இந்த மாதிரி ஒரு காகிதத்தைப் பாத்துட்டுச் சும்மா போகணும்னா நான் வேற ஏதாவது படிச்சிருக்கணும்.

மூணு நாள் நிர்வாகக் கட்டடப் படியில உக்காந்தேன். முதல் நாள் நான் மட்டும். ரெண்டாம் நாள் பதினோரு பேர். மூணாம் நாள் ஒரு பத்திரிகைக்காரர் வந்தாரு. வேற ஏதோ வேலையா வந்தவர்தான், ஆனா வந்தாரு. சாயந்தரமே கமிட்டி போட்டுட்டாங்க. மாணவர் பிரதிநிதி நான்.

கமிட்டியில முடிவானது இதுதான். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். பொறுப்பாளர் பேச்சைக் கேக்கற நாய் இருக்கலாம், கேக்காத நாய் போகணும். ஞானதுரை சார் எழுதிட்டு வந்திருந்தது ஒரே ஒரு வரி: 'பொறுப்பாளர் அழைத்தால் நாய் வர வேண்டும்.'

"அழைத்தால்னா எப்படி சார்?"ன்னேன்.

"அழைக்கிறதுன்னா அழைக்கிறதும்மா. இதுல என்ன எப்படி?"

"பிஸ்கட்டைக் காட்டி அழைக்கலாமா? நாளைக்கு நீங்களே பிஸ்கட் காட்டி அழைச்சுட்டீங்கன்னு இன்னொரு கோஷ்டி கிளம்பும். இடம் குடுக்கக் கூடாது. 'குரலால், பெயர் சொல்லி, இருபதடி தூரத்திலிருந்து'ன்னு போடுங்க."

அப்பதான் சந்தனமாரி அக்கா டீ கொண்டு வந்தாங்க. தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே, "கையைக் காட்டினா வந்தாப் போதாதா சார்?"ன்னாங்க. கமிட்டியில இல்லாத ஆளு, டீ கொண்டு வந்த இடத்துல கருத்து! நான் தப்பா எடுத்துக்கல. பொறுமையாத்தான் சொன்னேன். "அக்கா, கையைக் காட்டினா எந்த நாயும் வரும், கையில சோறு இருக்கும்னு வரும். அது பசி. குரலுக்கு வந்தாத்தான் உறவு." தமிழ்த்துறை மேடம் மேசையைத் தட்டினாங்க. அக்கா, "அதுக்கு இல்ல பாப்பா, வெள்ளைக்கு வந்து..."ன்னு இழுத்தாங்க. "அக்கா, ஒரு நிமிஷம், இதை முடிச்சிடறேன்"ன்னுட்டு ஞானதுரை சார்கிட்டத் திரும்பிட்டேன்.

அவர் லேசுல ஒத்துக்கல. அவருக்கு ஒரு வரி வேணுமாம்: கையெழுத்துப் போடறவர் மாணவரோ நிரந்தரப் பணியாளரோ இருக்கணும், ஒப்பந்த ஆட்கள் கூடாது, பொறுப்பு நிக்காதுன்னாரு. என் வரியை அவர் ஒத்துக்கிட்டார், அவர் வரியை நான் விட்டுக் குடுத்தேன். பேச்சுவார்த்தைன்னா அப்படித்தானே? ஒப்பந்த ஆட்கள் விஷயத்துல எனக்கு அக்கறை இல்லைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. என் ப்ராஜெக்டே அவங்களைப் பத்தித்தான். சந்தனமாரி அக்காகிட்டயே நாப்பது கேள்வி கேட்டு எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் "பரவாயில்ல பாப்பா"ன்னே பதில் சொன்னாங்க. அதை வச்சு ஒரு அத்தியாயம் எழுதறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மொத்தம் ஆறு நாய். ஆறாவதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளை வெளேர்னு இருக்கும் சிஸ்டர். மூக்கு ரோஸ். கண்ணு ரெண்டும் வெளிர் நீலம். ராஜபாளையம் ரத்தம், சந்தேகமே இல்ல, நிக்கற தோரணையிலயே தெரியும். அதுக்கு ஏ ப்ளாக்ல சுண்ணாம்பு, பி ப்ளாக்ல ஸ்னோவி, கேட்ல செக்யூரிட்டிங்க சொல்றது வெள்ளையம்மா. எந்தப் பேரும் அதுக்குப் பிடிக்கல, எதுக்கும் திரும்பாது. எனக்கு அது புரிஞ்சது. நாலு பேர் நாலு பேர் வச்சா எவ திரும்புவா? நான் ஒரே பேர் வச்சேன். வோல்கா. நதியோட பேர்.

ஜூலை முதல் வாரம் சோதனை. ஞானதுரை சார் டேப் வச்சு இருபதடி அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டாரு. மத்த அஞ்சும் ஓடி வந்துச்சு. கெமிஸ்ட்ரிப் பையன் ஒருத்தன் நாய்க்கு 'பீக்கர்'னு பேர் வச்சிருந்தான், அது பேரைக் கேட்டதும் அவன் மேல பாய்ஞ்சு கண்ணாடியை உடைச்சிடுச்சு. அதுவே பாஸ். என் முறை. "வோல்கா!"ன்னேன். அது அந்தப் பக்கம் திரும்பிக் காக்காயைப் பாத்துட்டு உக்காந்திருக்கு. "வோல்கா! வோல்கா!" எத்தனை தடவைன்னு நான் எண்ணல. பீக்கர் வந்துச்சு சிஸ்டர். பீக்கர் ரெண்டு தடவை வந்துச்சு. வோல்கா வரல.

"என்னம்மா நிறைமதி, உங்க நாய்க்கும் உங்களுக்கும் ஏதாவது கருத்து வேறுபாடா?"ன்னாரு ஞானதுரை. எல்லாரும் சிரிச்சாங்க. பதினஞ்சு நாள் அவகாசம் குடுத்தாரு. பிச்சை போடற மாதிரி.

என் கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஜெனிஃபா கால்நடை மருத்துவம் படிக்கிறா. போன் போட்டேன். அவ சொன்னா: "பேரை ஒரே ஒரு தடவை சொல்லு. உன் கண்ணைப் பாத்தா நாக்கைச் சொடக்கு, ஒரு துண்டு கோழிக்கறி குடு. பாக்கலைன்னா வாயை மூடிட்டு நில்லு. திருப்பிச் சொல்லாத. பேர்ங்கிறது நீ போடற லெட்டர் மாதிரி. பதில் வர்றதுக்குள்ள நாப்பது லெட்டர் போட்டா அது எதையும் பிரிக்காது." நல்லாத்தான் சொன்னா. அப்புறம் திடீர்னு, "ஏய், நாய் என்ன கலரு? வெள்ளையா? கண்ணு?"ன்னு ஆரம்பிச்சா. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "கலர் என்னவா இருந்தா உனக்கென்னடி? மருத்துவம் படிக்கிற நீயே ஒரு உயிரை நிறத்தை வச்சு எடை போட்டா நாடு எங்க உருப்படும்?"னு கேட்டுட்டு வச்சிட்டேன். அப்புறம் ஏதோ மெசேஜ் போட்டா. மன்னிப்புக் கேக்கறவளா இருந்தா நேர்ல கேக்கட்டும்னு நான் திறக்கல.

ஆனா பயிற்சி குடுத்தேன். தினமும் காலையில அஞ்சே முக்காலுக்கு, வாட்டர் டேங்க் பின்னாடி. கேன்டீன்ல கோழிக்கறி வாங்கி, மசாலாவைக் கழுவி, துண்டு துண்டா நறுக்கி டப்பாவில எடுத்துட்டுப் போவேன். முன்னாடி நின்னா, சிஸ்டர், அது என்னைப் பாக்கற அழகு இருக்கே! கண்ணு கொட்டாம என் வாயையே பாக்கும். நான் சிரிச்சா வால் ஆடும். நான் முறைச்சாத் தலையைத் தாழ்த்தும். நான் பேசறதை அவ்வளவு கவனமா இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. என் ப்ராஜெக்ட் முழுக்க அதுகிட்டச் சொல்லியிருக்கேன். ஆனா முதுகைத் திருப்பிக்கிட்டா முடிஞ்சது. மகாராணி. அஞ்சடி பின்னாடி நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. எனக்கு அழுகையே வரும். அப்புறம் அதுவா திரும்பி என்னைப் பாத்ததும் புதுசா வந்தவளைப் பாத்த மாதிரி ஓடிவந்து விழுந்து கும்பிடும். நடிப்பு! ஒரு நாள் முழுக்க அது கூடப் பேசாம இருந்தேன். அதுக்கு அது உறைக்கவே இல்ல.

என்ன சிஸ்டர்? ஏதோ கேக்க வந்தீங்க. சரி, இதை முடிச்சிடறேன், மறந்துடுவேன்.

இதுல சந்தனமாரி அக்கா பண்ணின வேலையைக் கேளுங்க. நான் அஞ்சே முக்காலுக்குக் கத்திக்கிட்டு இருப்பேன். மெஸ் பின்வாசல்ல அக்கா வந்து நிப்பாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. காலைத் தரையில ஓங்கி ஒரு மிதி. இல்லைன்னா தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து ஒரு வீசு. வெயில் வந்துட்டா சாம்பார் வாளி மூடியைச் சாய்ச்சுப் பளிச்னு ஒரு வெளிச்சம் அடிப்பாங்க. அவ்வளவுதான். என் வோல்கா மைதானத்தோட அந்தக் கோடியிலேருந்து அம்பு மாதிரிப் போகும். போய் அவங்க முகத்தைப் பாத்துட்டு நிக்கும். அவங்க உள்ளங்கையைக் கீழே காட்டினா உக்காரும். சுத்திக் காட்டினா சுத்தும். அதுக்கு அவங்க சோறு கூடப் போட மாட்டாங்க அந்த நேரத்துல. சும்மா தலையைத் தடவுவாங்க. பயிற்சிங்கிறது அறிவியல், இவங்க கூத்துக் காட்டிட்டு இருக்காங்க. என் பதினஞ்சு நாளை இப்படி அள்ளித் தின்னா எப்படி?

ஒரு நாள் அக்கா டேங்க் பக்கமே வந்துட்டாங்க. "பாப்பா, அதுக்கு வந்து..."ன்னாங்க. "அக்கா, நீங்க அன்பாத்தான் செய்யறீங்க, எனக்குத் தெரியும். ஆனா அன்பு வேற, ஒழுங்கு வேற"ன்னு ஆரம்பிச்சு ஒரு பத்து நிமிஷம் தெளிவா எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. "சரி பாப்பா"ன்னாங்க. போயிட்டாங்க. மறுநாள் மறுபடியும் காலை மிதிக்கிறாங்க!

இன்னொண்ணு. மெஸ்ஸுக்குத் தண்ணி லாரி வருது, ரிவர்ஸ்ல. வோல்கா நடுப் பாதையில படுத்திருக்கு. அக்கா கையில இருந்த அண்டாவை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, பின் சக்கரத்துக்கு முன்னாடி புகுந்து, நாயை ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்துட்டாங்க. முழங்கையில தோல் உரிஞ்சு போச்சு. நான் டிரைவரைப் பிடிச்சுக்கிட்டேன். "ஹாரன் அடிக்க மாட்டீங்களா?"ன்னேன். "ஏம்மா, அடிச்சு அடிச்சுக் கை வலிக்கு. அந்தச் சனியன் எந்திரிக்கணும்லா?"ன்னான். அப்பட்டமான பொய்னு முகத்துக்கு நேரே சொன்னேன். அக்கா எதையோ சொல்ல வந்தாங்க, "நீங்க சும்மா இருங்க அக்கா, உங்களுக்காகத்தான் பேசறேன்"னு சொல்லி அவன் லைசென்ஸைக் கேட்டேன்.

ஆனா தைரியசாலி சிஸ்டர் அது. காம்பவுண்டுக்கு வெளிய அம்மன் கோவில் இருக்கு. ஆடிக் கொடைக்கு வேட்டுப் போட்டாங்க பாருங்க, ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடி அதிருது. அஞ்சு நாயும் படிக்கட்டுக்கு அடியில நடுங்கிட்டுக் கிடக்கு. பீக்கர் கெமிஸ்ட்ரி லேப் உள்ளேயே போயிடுச்சு. வோல்கா? முற்றத்து நடுவுல கால் நாலையும் நீட்டித் தூங்குது. நான் போட்டோ எடுத்து 'பயமறியாதவள்'னு போட்டேன். அப்படிப்பட்ட ஒரு உயிரைச் சோத்துக்கும் துண்டுக்கும் ஆட வச்சா எனக்குக் கோபம் வருமா வராதா?

வந்துச்சு. வார்டனுக்கு லெட்டர் எழுதினேன். நகல் இருக்கு, பாருங்க, நாலு பக்கம். 'மெஸ் ஊழியர் ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்குத் தொடர்ந்து இடையூறு செய்கிறார். அவர் குறிப்பிட்ட நாயை அணுகாமலிருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.' பேர் கூடப் போடல. ஒருத்தரை வேலையை விட்டு எடுங்கன்னு இதுல எங்கயாவது இருக்கா? நீங்களே படிங்க. மூணாவது பக்கத்துல 'அவர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஏதுமில்லை'ன்னு கூட எழுதியிருக்கேன். வார்டன் அதைக் கான்ட்ராக்டர்கிட்டக் குடுத்தா, அந்த ஆளு அக்காவை "நாளையிலேருந்து வர வேண்டாம்"னு சொன்னா, அது யார் தப்பு? அமைப்போட தப்பு. அதைத்தான் நான் ப்ராஜெக்ட்லயே எழுதியிருக்கேன்.

அது நடந்தது முந்தாநாள். நேத்துக் காலையில அக்கா மிச்சச் சாமான் எடுக்க வந்தாங்களாம். கேட்ல செக்யூரிட்டி சொன்னாரு. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு நாய். போயிட்டாங்க. நான் போன் போட்டு, "அக்கா, இது திருட்டு. நாளைக்கு மூணு மணி பஸ்ல வர்றேன், நாயோட ஸ்டாப்புல வந்து நில்லுங்க. இல்லைன்னா போலீஸுக்குப் போவேன்"ன்னேன். "சரி பாப்பா"ன்னாங்க. வேற ஒரு வார்த்தை இல்ல. ஒரு மன்னிப்பு இல்ல.

இப்பச் சொல்லுங்க சிஸ்டர். யார் பக்கம் நியாயம்?

என்ன?

காது கேக்குமாவா? யாருக்கு? வோல்காவுக்கா?

இது என்ன கேள்வி? காது இருக்கு சிஸ்டர். ரெண்டும் உள்ள ரோஸ் கலர்ல, மடங்கி... சரி, நீங்க கைக்குழந்தைக்குப் பின்னாடி நின்னு கையைத் தட்டிப் பாப்பீங்க, திரும்பலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பீங்க. ஒத்துக்கறேன். அது உங்க தொழில். அதுக்காக எல்லாத்தையும் அதே கண்ணோட பாக்கக் கூடாது. உங்க அண்ணன் வீட்டுல வெள்ளையில, நீலக்கண்ணோட ஒண்ணு இருந்துச்சா? அதுக்கும் கேக்காதா? ராஜபாளையத்துல வெள்ளைக்கு இப்படி வர்றது உண்டா? ஒண்ணை வச்சு ஒட்டுமொத்தமாச் சொல்லலாமா சிஸ்டர்? எங்க மேடம் இதுக்கு மார்க்கே போட மாட்டாங்க.

சரி. உங்க வாதப்படியே வர்றேன். காது கேக்காதுன்னு வச்சுக்குவோம். அப்ப என்ன நடந்திருக்கணும்? லாரி ஹாரனுக்கு அது எந்திரிச்சிருக்கக் கூடாது. எந்திரிக்கல. சரி, அது ஒண்ணு. வேட்டுக்குப் பயந்திருக்கக் கூடாது. பயப்படல. ஆனா அது தைரியம்... சரி, ரெண்டுன்னே வச்சுக்குங்க. எந்தப் பேருக்கும் திரும்பியிருக்கக் கூடாது. முன்னாடி நின்னா மட்டும்தான் பாக்கணும். வாயைத்தான் பாக்கணும். காலைத் தரையில மிதிச்சா, அதிர்வு தெரியும், அதனால...

துண்டு. வாளி மூடி.

ஒரு நிமிஷம் சிஸ்டர். ஜெனிஃபா மெசேஜைத் திறக்கறேன். பதினோரு நாளாகுது. 'கத்தாத. பின்னாடி நின்னு கையைத் தட்டிப் பாரு. திரும்பலைன்னா அதுக்குக் காது கேக்காது. வெள்ளையும் நீலக்கண்ணும்னா வாய்ப்பு அதிகம். கையைக் காட்டிப் பழக்கு, சீக்கிரம் பிடிச்சுக்கும். பேரைச் சொல்லி அதைச் சித்திரவதை பண்ணாத.'

சித்திரவதையாம். அவ வாயைப் பாருங்க.

பதினஞ்சு நாள், சிஸ்டர். தொண்டை கட்டி ரெண்டு நாள் மிளகுப்பால் குடிச்சேன். நாளைக்குப் பத்து மணிக்கு அது எப்படி வரும்? குரலால், பெயர் சொல்லி. அந்த மனுஷன் எழுதினது வெறும் 'அழைத்தால்'. அந்த ஒரு வார்த்தையை அப்படியே விட்டிருந்தா, கையைக் காட்டி, துண்டை வீசி, எப்படி வேணும்னாலும் அழைச்சிருக்கலாம். நாய் முதல் நாளே பாஸாகியிருக்கும். தமிழ்த்துறை மேடம் எதுக்கு மேசையைத் தட்டினாங்க? படிச்சவங்கதானே? யோசிக்க வேண்டாமா?

இந்த அக்காவைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. தெரிஞ்சிருக்கு. ஆரம்பத்துலேருந்தே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவங்க சொல்லணுமா இல்லையா? "பாப்பா, அந்த நாய்க்குக் காது கேக்காது." நாலு வார்த்தை. டீத் தட்டோட நின்னப்பவே சொல்லியிருக்கலாம். இல்ல, அப்ப வந்து, சொல்ல ஆரம்பிச்சாங்க, நான் ஞானதுரைகிட்டப் பேசிட்டு இருந்தேன். சரி, டேங்க் பக்கத்துல? அப்ப நான் ஒழுங்கைப் பத்தி... லாரி வந்த அன்னிக்கு?

ஏன் சிஸ்டர் அப்படிப் பாக்கறீங்க? நான் அவங்களுக்காகத்தான் பேசினேன் அன்னிக்கு. கையில ரத்தம் வழிஞ்சிட்டு நின்னாங்க. யாராவது பேசணுமா இல்லையா?

சரி. விடுங்க. இப்ப என்ன செய்யணும்னு பாப்போம். விதியை மாத்தணும். 'குரலால்' போகணும். அதைப் போட்டவளே எந்திரிச்சு எடுக்கச் சொன்னா ஞானதுரை என்ன சொல்வாருன்னு எனக்கு இப்பவே கேக்குது: "என்னம்மா, உங்களுக்கும் உங்களுக்குமே கருத்து வேறுபாடா?" சொல்லட்டும். எனக்கு எதிரா நானே பேசி ஜெயிச்சுக் காட்டறேன். ஆனா வெறும் பேச்சுக்கு அவர் மசிய மாட்டாரு. கண்ணால பாக்கணும். சுண்ணாம்புக் கோட்டுல அக்கா நின்னு ஒரு தடவை துண்டை வீசினாப் போதும், நாய் வரும், எல்லார் வாயும் அடைஞ்சிடும். எனக்கு அந்தக் கை பாஷை தெரியாது, ஒரு ராத்திரியில கத்துக்கவும் முடியாது. அப்ப நாய் மட்டும் வந்தாப் போதாது. அக்கா வரணும். வேலையை விட்டுப் போகச் சொன்ன இடத்துக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவங்க வரணும். கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். வார்டனுக்கு இன்னொரு லெட்டர் எழுதறேன். கையெழுத்துப் போடற உரிமை விஷயமும் இருக்கு, அதை நான்தான் விட்டுக் குடுத்தேன், அதையும்... வருவாங்க. ஏன் வராம? நாய்க்காக லாரிக்கு அடியில போனவங்க. நான் சரியா எடுத்துச் சொன்னா வருவாங்க.

இதுவா மருதங்கிணறு? வந்துடுச்சா? கண்டக்டர், ஆள் இறக்கம்! ரோட்டுக்குக் குறுக்க ஆட்டுக் கூட்டமா? அது போகட்டும், நான் இங்கேயே இறங்கிக்கறேன்.

அதோ சிஸ்டர், அதோ புளியமரத்துக்குக் கீழே! வோல்கா! கயிறு இல்ல, செயின் இல்ல, சும்மா உக்காந்திருக்கு பாருங்க. பக்கத்துல நீலச் சேலைதான் அக்கா. எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. பாத்துடுச்சு! என்னைப் பாத்துடுச்சு சிஸ்டர், ஜன்னல்ல என் முகத்தைப் பாத்துடுச்சு, எந்திரிச்சிடுச்சு! வால் ஆடுது. பின்பக்கம் மொத்தமா ஆடுது. இருபதடி இருக்குமா இது? நாப்பது இருக்கும். அக்கா! அக்கா, இங்க! சந்தனமாரி அக்கா!

திரும்பல.

நாய் எந்திரிச்சது அவங்க காலுக்குத் தெரியும், அவங்களை உரசிக்கிட்டுத்தான் எந்திரிச்சது. கையைத் தாழ்த்தி அதோட தலையில வச்சிருக்காங்க. அக்கா! நான்தான்! நிறைமதி!

டீக்கடையில இருக்கறவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. டிரைவர் திரும்பிட்டாரு. நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்க. அவங்க அப்படியே அந்தப் பக்கமே பாத்து நிக்கறாங்க.

அவங்களுக்கு நல்லாக் காது கேக்கும் சிஸ்டர்.